நியார்பில் கரையில் ஒரு வெள்ளைக் கோடு

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் பெரும்பாலும் மோட்டார் பைக் பந்தயம் பார்க்கத்தான் கூட்டம் போகும், நான் போனது ஒரு கோட்டைப் பார்க்க. மேற்குக் கரையில் நியார்பில் என்று ஓர் இடம். தீவின் சொந்த மொழியான மாங்ஸில் அதற்கு ‘வால்’ என்று பொருளாம், பாறைகளும் வால் மாதிரியே கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. கூரை வேய்ந்த வீடுகளைத் தாண்டி, வழுக்கும் கற்களில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து இறங்கினால், பாறை முகத்தில் வெளிறிய மெல்லிய கோடு ஒன்று சாய்வாகப் போகிறது. இவ்வளவுதானா என்று இருந்தது.

கதை என்னவோ பெரியது. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இயாபெட்டஸ் என்ற பெருங்கடல் மூடிக்கொண்டதில், இங்கிலாந்து இருந்த நிலத்தட்டும் ஸ்காட்லாந்து இருந்த நிலத்தட்டும் முட்டி ஒட்டிக்கொண்டன. அப்படி ஒட்டிய இடத்துக்குத் ‘தையல்’ என்று பெயர், இந்தக் கோடுதான் அது என்று சொல்வார்கள். கிரேக்கக் கதையில் அட்லஸின் அப்பா இயாபெட்டஸ், அட்லாண்டிக்குக்கு முந்தைய கடலுக்கு அந்தப் பெயர். அந்தக் காலத்து டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் இரண்டு பக்கமும் வேறு வேறு. இதையெல்லாம் வைத்துத்தான் டூசோ வில்சன் என்ற கனடா நாட்டுப் புவியியலாளர் 1966இல் ‘அட்லாண்டிக் ஒருமுறை மூடித் திறந்ததா?’ என்று கேட்டார்.

கூட வந்த நண்பனுக்கு நில அதிர்வு அலைப் பதிவுகளோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. “டேய், தையல் இங்க இல்லடா, கீழ இருக்கு” என்றான். இந்தக் கோடு, மூத்த களிப்பாறையும் இளைய மணற்பாறையும் உரசிக்கொண்ட ஒரு பிளவு, அவ்வளவுதான்.

கீழே இருப்பதை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1982இல் பிர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆழ்நில ஆய்வுத் திட்டத்தின் கப்பல் ஒன்று, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலிருந்து ஐரிஷ் கடல்வரை, ஏர்கன்னால் தண்ணீருக்குள் காற்றை வெடித்துக்கொண்டே போயிருக்கிறது, பின்னால் நீண்ட வடத்தில் எதிரொலியைக் கேட்க ஹைட்ரோபோன்கள், அதாவது தண்ணீருக்குள் வேலை செய்யும் மைக்குகள். எண்ணெய் தேடுகிறவர்கள் ஐந்தாறு நொடி எதிரொலி கேட்டால் போதும் என்பார்கள். இவர்கள் 15 நொடி காத்திருந்தார்கள். அலை பாறைக்குள் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும், போய்த் திரும்ப 15 நொடி என்றால் 45 கிலோமீட்டர் ஆழம், அதாவது புவி ஓட்டின் அடிவரை எட்டிப் பார்த்தாயிற்று.

அந்தப் பதிவை நண்பன் போனில் காட்டினான். முதலில் மழைக்காலத்து டிவி போல ஒரே புள்ளிகள். பொறுமையாகப் பார்த்தால், ஆழத்தில் கீற்றுக் கீற்றாக வடக்கு நோக்கிச் சாய்ந்து இறங்கும் ஒரு பட்டை. தெற்குத் தட்டின் விளிம்பு வடக்குத் தட்டுக்கு அடியில் நுழைந்த சுவடு என்று அதைப் படிக்கிறார்கள். தெற்கு ஸ்காட்லாந்துக்கு அடியில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பகுதி ஒன்றும் தனியாக அகப்பட்டிருக்கிறது. அது கிராஃபைட்டா, உப்புநீரா என்று இன்னொரு சண்டை.

எனக்கென்னவோ அந்தப் புள்ளிப்படம்தான் பாறையைவிட நம்பும்படி இருந்தது. ஆனாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.