டோபோங் நடைபாதையிலிருந்து பூசான் கல்லறை வரை

மகள் தென்கொரியாவின் சுவோனில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த நவம்பரில்தான் எனக்குப் போக வாய்த்தது. அரண்மனை, தீவு, கடைத்தெரு என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். நான் கேட்ட இடம் சியோலின் வடக்கு ஓரத்தில் இருக்கும் டோபோங். அலுவலகத்தில் விசாரித்தாளாம். "உங்க அப்பா மலையேறுவாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். சியோல்காரர்களுக்கு அந்தப் பக்கம் என்றால் மலைதான் நினைவுக்கு வரும்.

எனக்கு வேண்டியது மலை இல்லை, ஒரு நினைவுக்கல். 1950 டிசம்பர் 23 அன்று, அமெரிக்காவின் எட்டாவது ராணுவத்தின் தளபதி வால்டன் வாக்கர் அங்கேதான் ஜீப் விபத்தில் இறந்தார்.

என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் போரைப் பற்றி, எந்த ஆபீசரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அந்த ஆளு எங்க நின்னாரு?" தோளில் எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அவருக்கு அடுத்தபட்சம். கொரியப் போரில் பெயர் வாங்கிய அமெரிக்க ஜெனரல்களைப் பற்றி நான் வருஷக்கணக்கில் படித்ததும் அந்தக் கேள்வியோடுதான். அவர்கள் நின்ற இடங்களில் நானும் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று ஆசை.

முதல் நாளே ரயில் குழப்பம். முதலாம் வழித்தடத்தில் எல்லா வண்டியும் டோபோங் வரை போவதில்லை. நாங்கள் ஏறியது பாதியிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிய பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு பாட்டி கையசைத்து இறக்கிவிட்டார். அப்புறம் வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே கல் இருக்கிறது, ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், கடைகள், ஓயாத வண்டிகள். மஞ்சள் கிங்கோ இலைகள் கல்லின் அடியில் குவிந்து கிடந்தன. மகள் குனிந்து இலைகளை ஒதுக்கிவிட்டு, கொரிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்தான், பிறகு கல்லைப் பார்த்தான், போய்விட்டான்.

வாக்கர் டெக்சாஸில் 1889இல் பிறந்தவர். அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்டில் 1912இல் தேறினார். முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவு, இரண்டாவதில் ஜெனரல் பேட்டனின் கீழ் 20ஆவது கோர் என்ற பெரும்படைக்குத் தளபதி. 1948இல் எட்டாவது ராணுவம் அவர் கைக்கு வந்தபோது அது ஜப்பானில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்த படை. 1950 ஜூனில் வடகொரியா படையெடுத்துப் போர் வெடித்து, ஆகஸ்ட்டுக்குள் தென்கொரியாவில் மிஞ்சியது தென்கிழக்கு மூலை மட்டும்தான். நக்டோங் ஆற்றை ஒட்டி ஒரு கோடு போட்டு, இதற்குமேல் பின்வாங்குவது என்ற பேச்சே கிடையாது என்றார். உயிரோடு நில், இல்லையென்றால் அங்கேயே சாகு என்பதுதான் அந்த உத்தரவின் சாரம். அமெரிக்கப் பத்திரிகைகள் அதற்காக அவரைக் கடுமையாகத் திட்டின. ஆனால் கோடு நின்றது. எதிரிக்குப் பின்னால், இன்சோன் துறைமுகத்தில் நடந்த தரையிறக்கத்துக்கான நேரத்தை வாங்கிக் கொடுத்தது அந்த ஆறு வாரம்தான். புகழ் போய்ச் சேர்ந்தது அந்தத் தரையிறக்கத்தை நடத்திய மேல் தளபதி மெக்கார்தருக்கு. இதில் வாக்கருக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த டிசம்பர் காலையில் அவர் விருது கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்க இருந்தவர்களில் ஒருவர் கேப்டன் சாம் வாக்கர், அவருடைய ஒரே மகன். வழியில் தென்கொரிய ராணுவ லாரி ஒன்று குறுக்கே வந்து ஜீப்பில் மோதியது. அவருடைய பழைய தளபதி பேட்டனும் ஐந்து வருஷம் முன்பு, 1945 டிசம்பர் 21 அன்று, ஜெர்மனியில் கார் விபத்தில் அடிபட்டுத்தான் இறந்தார். சாம் தன் கம்பெனியை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தார். மெக்கார்தரின் உத்தரவால்தான் அப்பாவின் உடலோடு ஊர் திரும்பினார். பின்னாளில் அவரும் நான்கு நட்சத்திர ஜெனரல் ஆனார். வாக்கருக்கு நான்காவது நட்சத்திரம் இறந்த பிறகுதான் வந்தது.

இதை மகளிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள், "பையன் அங்க காத்துக்கிட்டு இருந்திருப்பான் இல்லப்பா" என்றாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ஹான் ஆற்றைப் பார்த்தபடி மலைச்சரிவில் நிற்கும் வாக்கர்ஹில் ஹோட்டலும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1963இல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. டோபோங் கல்லைப் பார்த்த பிறகு அங்கே மனம் ஒட்டவில்லை.

இன்சோனுக்கும் போனோம். சீனத் தெருவிலிருந்து படியேறினால் ஜாயு பூங்கா, உச்சியில் மெக்கார்தர் சிலை. 1957இல் வைத்தது. அங்கிருந்து வோல்மி தீவு தெரிகிறது. தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு, 1950 செப்டம்பர் 10 அன்று, அமெரிக்க விமானங்கள் அந்தத் தீவின் குடியிருப்பில் நாபாம் தீக்குண்டுகளைப் போட்டன. பொதுமக்கள் நூறு பேர் அளவில் இறந்ததாகத் தென்கொரியாவின் உண்மை ஆணையம் 2008இல் சொன்னது. சிலையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

வாக்கருக்குப் பின் வந்தவர்கள் வரிசையாக மேலே போனார்கள். மார்பில் கையெறி குண்டைக் கட்டிக்கொண்டு திரிந்த மேத்யூ ரிட்ஜ்வே, சீனப் படை போரில் இறங்கியதில் உடைந்துபோயிருந்த படையை மூன்றே மாதத்தில் நிமிர்த்தினார். பிறகு ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். 1954இல் அமெரிக்கா இந்தோசீனாவில், அதாவது வியட்நாம் பக்கத்தில், இறங்கக் கூடாது என்று வாதாடியதும் அவர்தான். கொரியாவின் சேற்றைப் பார்த்தவர் அல்லவா! மேக்ஸ்வெல் டெய்லர் அமெரிக்க முப்படைகளின் மூத்த அதிகாரியான கூட்டுப்படைத் தலைவராகி, 1964இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோனுக்குத் தூதராகப் போனார்.

ஜேம்ஸ் வான் ஃப்ளீட் கதை வேறு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவரோடு 1915இல் வெஸ்ட் பாயின்டில் தேறியவர், 1951 ஏப்ரலில் எட்டாவது ராணுவத்தை ஏற்றார். அவருடைய மகன் விமானப்படையில் லெப்டினன்ட். 1952 ஏப்ரல் 4 அன்று பி-26 குண்டுவீச்சு விமானத்தில் இரவில் வடக்கே போனவர் திரும்பவில்லை. மகனைத் தேடப் போய் இன்னும் நாலு பேர் சாக வேண்டாம் என்று அப்பாவே தேடலை நிறுத்தச் சொன்னார் என்று கொரியாவில் இன்றும் சொல்கிறார்கள். அவர் நூறு வயது வரை இருந்தார், 1992இல்தான் காலமானார். மகன் இல்லாமல் நாற்பது வருஷம். கொரிய ராணுவ அகாடமியை நான்காண்டுப் படிப்பாக மாற்றி நிலைநிறுத்தியதில் அவர் பங்கு பெரியது. அந்த வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு.

என் அப்பா இருந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்கக்கூடியவர் ஜான் வெஸ்ஸி. 1939இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, இத்தாலியில் ஆன்சியோ போர்முனையில் அதிகாரியானவர். 1976இலிருந்து கொரியாவில் அமெரிக்கப் படைத் தளபதி. 1982இல் கூட்டுப்படைத் தலைவர். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறியவர்.

அடுத்த வாரம் டேஜோனுக்கு அதிவேக ரயில், சியோலிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மிகா 3-129. கருத்த உடம்பு, இரும்பு ஏணி, கரி போடும் வாய். அந்த வாய்க்கு முன்னால் ஓட்டுநர் நிற்கும் இடம் எவ்வளவு குறுகல் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். குண்டு வந்தால் ஒதுங்க இடமே இல்லை.

1950 ஜூலையில் டேஜோனில் நின்றவர் மேஜர் ஜெனரல் வில்லியம் டீன். வெஸ்ட் பாயின்ட் ஆள் இல்லை, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர். போருக்கு முன்பு தென்கொரியாவின் ராணுவ ஆளுநராக இருந்தவர். அமெரிக்கர்களிடம் இருந்த ஆயுதம் ரஷ்ய டி-34 டாங்கியைத் துளைக்கவில்லை. புதிதாக வந்த பசூக்கா என்ற தோள் ராக்கெட் குழாயோடு, ஒரு டிவிஷனின் தளபதியே தெருத்தெருவாக டாங்கி வேட்டைக்குப் போனார். தளபதி செய்யும் வேலையா அது என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவருக்கே அந்தக் கேள்வி இருந்தது. தனக்குக் கிடைத்த மிக உயர்ந்த வீரப் பதக்கத்துக்குத் தான் தகுதியில்லை என்றே கடைசிவரை சொன்னார்.

ஜூலை 20 இரவு நகரை விட்டு வெளியேறும்போது வழி தவறியது. காயம்பட்ட சிப்பாய் ஒருவனுக்குத் தண்ணீர் எடுக்க இருட்டில் இறங்கியவர் சரிவில் உருண்டு விழுந்து நினைவிழந்தார். பிறகு 36 நாள் மலைகளில் அலைந்து பிடிபட்டார். பதக்கத்தை 1951இல் அவர் மனைவியிடம் கொடுத்தபோது, டீன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. 1953 செப்டம்பரில்தான் விடுதலை.

டீனை மீட்கத்தான் அந்த எஞ்சின் போனதாம். ஜூலை 19 என்று இங்கே சொல்கிறார்கள். அன்று டீன் நகருக்குள்ளேயே படையோடு நின்றுகொண்டிருந்தார் என்பது அமெரிக்கப் பதிவு. செய்தி அறுந்துபோன நகரத்துக்குள், முப்பது சொச்சம் அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு கிம் ஜே-ஹியோன் வண்டியை ஓட்டிப் போனார். சிப்பாய்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ஓட்டுநர் கிம் குண்டடிபட்டு எஞ்சினிலேயே இறந்தார். உதவியாளர்கள்தான் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு ஜெனரலின் வரலாற்றுக்குள் இப்படி எத்தனை பேர்!

அதே வருஷம் டிசம்பரில் பியோங்யாங்கில் இன்னொரு எஞ்சினும் ஓடியது. நம் இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் தலைமையில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. பின்வாங்கும் அவசரத்தில் மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இவர்கள் விடவில்லை. கைவிடப்பட்ட எஞ்சினைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு பாலம் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைத் தாண்டினார்கள். அடுத்த மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு முன்சானில் குதித்ததும் இதே ஆட்கள்தான். மிகா எஞ்சினின் நிழலில் நின்று மகளிடம் இதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது போல. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாகப் பூசான். டேயோன் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஐ.நா. நினைவுக் கல்லறை. பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 2,300 பேர் இங்கே இருக்கிறார்கள். கொரியப் போரில் அமெரிக்கர்கள் 36,000 பேருக்கு மேல் இறந்தும், இங்கே உள்ள அமெரிக்கக் கல்லறைகள் கொஞ்சம்தான். உடல்களை ஊருக்கே எடுத்துப் போய்விட்டார்கள். ஜெனரல் என்று இங்கே இருப்பவர் ஒரே ஒருவர், ரிச்சர்ட் விட்கோம்ப். ஒற்றை நட்சத்திரம். போர்முனையில் பெயர் வாங்கியவர் இல்லை. பூசானில் சரக்கு, கிட்டங்கி, துறைமுகம் பார்த்த தளவாடத் தளபதி.

1953 நவம்பர் 27 அன்று பூசான் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பெருந்தீ. ஏற்கெனவே அகதிகளாக வந்தவர்கள், சுமார் 30,000 பேர் குளிரில் தெருவுக்கு வந்தார்கள். விட்கோம்ப் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்காமல் ராணுவக் கிட்டங்கியைத் திறந்தார். கூடாரம், போர்வை, உணவு எல்லாம் போனது. ராணுவச் சொத்தை எப்படிக் கொடுத்தாய் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் நிறுத்தவில்லை. மருத்துவமனை கட்ட நிதி திரட்டுவதற்காக, கொரிய உடையும் தொப்பியும் அணிந்து பூசான் தெருக்களில் நடந்தார். பூசான் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்கவும் அவர்தான் பேசினார்.

1954இல் ராணுவத்தை விட்ட பிறகும் அவர் கொரியாவை விடவில்லை. அநாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஹான் மியோ-சுக்கை மணந்தார். 1982இல் இறந்தபோது, விருப்பப்படியே இங்கே அடக்கம் செய்தார்கள். 2023இல் பக்கத்துப் பூங்காவில் அவருக்கு ஒரு சிலை வந்தது. ஆளுக்கு 10,000 வோன் என்று பூசான் மக்கள் போட்ட பணம்.

நான்கு மணிக்கு அங்கே கொடியிறக்கம். வீரர்கள் கொடியை மடித்து எடுத்துப் போவதைப் புல்வெளியிலேயே நின்று பார்த்தோம். விட்கோம்ப் கல்லறைக்கு முன்னால் யாரோ வெள்ளைச் சாமந்தி வைத்திருந்தார்கள், அன்று காலை வைத்தது போலப் புதிதாக இருந்தது. மகள் அங்கிருந்த பெயர்களைக் குனிந்து படித்தாள். "மனைவியும் இங்கேயேதான் இருக்காங்கப்பா, 2017இல" என்றாள். வாங்கி வந்த பூவை இரண்டாகப் பிரித்து வைத்தாள்.