பிரைமரி ஐந்தாம் வகுப்பின் மொழிகள்: கிளாஸ்கோ நாட்குறிப்பு

22 ஆகஸ்ட் 2024, வியாழன்

ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி ஆண்டு தொடங்கிவிடுகிறது. இவ்வாண்டு எனக்குக் கற்பிக்கக் கிடைத்தது பிரைமரி, அதாவது தொடக்கப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. ஒன்பது வயதை ஒட்டிய பிள்ளைகள். மொழிக் கல்வியைப் பொறுத்தவரை இது ஒரு திருப்புமுனையான வகுப்பு. ‘ஒன்று கூட்டல் இரண்டு’ என்று ஆசிரியர்கள் சொல்லும் கொள்கை, ஸ்காட்லாந்து அரசின் பணிக்குழு 2012-இல் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்தது. அதன்படி ஒவ்வொரு பிள்ளையும் முதல் வகுப்பிலிருந்தே இரண்டாம் மொழியொன்றைக் கற்கவேண்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து மூன்றாம் மொழியொன்றும் சேரும். எங்கள் பள்ளியில் இரண்டாம் மொழி பிரெஞ்சு, மூன்றாவது ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளுள் ஒன்றான கேலிக்.

இரண்டாம் மொழியைத் தனிப் பாடவேளைக்குள் அடைத்துவிடாமல் அன்றாட நடைமுறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது இக்கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காலையில் வருகைப் பதிவும், மதிய உணவுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்ற கணக்கெடுப்பும் பிரெஞ்சில் நடக்கின்றன. சூப் வேண்டுமா, ரொட்டி வேண்டுமா என்று கேட்கும்போது அம்மொழிக்கு ஒரு வேலை கிடைக்கிறது. வேலை இல்லாத மொழி வகுப்பறையில் அதிக நாள் தங்காது.

26 செப்டம்பர் 2024, வியாழன்

இன்று ஐரோப்பிய மொழிகள் நாள். ஐரோப்பிய அவை 2001-இலிருந்து இந்நாளைக் கொண்டாடி வருகிறது. மண்டபத்தில் எல்லா வகுப்புகளும் கூடி, ஒவ்வொரு வகுப்பும் தன் பிள்ளைகளின் வீடுகளில் வழங்கும் மொழிகளில் வணக்கம் சொல்லியது. உருதுவும் பஞ்சாபியும் போலிஷும் ருமேனியனும் அரபும் உக்ரேனியனும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தபோது, பின்வரிசையில் நின்ற பெற்றோர் சிலர் கண் கலங்கினர். தன் மொழி பள்ளி மண்டபத்தில் உரக்கக் கேட்கப்படுவது சிறிய செய்தியன்று.

ஆனால் இந்நாளில் மொழிக்கொரு நாட்டுக் கொடியைக் காட்டுவதைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. வீட்டில் பஞ்சாபி பேசும் சிறுவன் ஒருவனின் தாத்தாவே இளவயதில் இந்நகருக்கு வந்தவர். அவனுடைய தந்தை பிறந்ததும் கிளாஸ்கோவில்தான். அவன் எந்தக் கொடியைப் பிடிப்பது? பஞ்சாபி எல்லையின் இரு பக்கமும் பேசப்படுகிறது; அரபுக்கு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் உரியவை; கேலிக்குக்குத் தனிக் கொடி இல்லை. மொழியை நாட்டோடு முடிச்சுப் போட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையை வேற்று நாட்டவராகக் காட்டிவிடுகிறோம். அடுத்த ஆண்டு கொடிகளுக்குப் பதில் பிள்ளைகளின் கையெழுத்தில் அமைந்த வரிகளைத் தொங்கவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

பிற்பகலில் நீர்ச் சுழற்சிப் பாடம். எழுதத் தொடங்கும் முன், ஒரே மொழி பேசும் இருவர் சேர்ந்து, ஆவியாதல் எப்படி நிகழ்கிறது என்பதை அம்மொழியிலேயே பேசி முடிக்கச் சொன்னேன். ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக மிகுதியாகப் பேசப்படும் வீட்டு மொழி போலிஷ். என் வகுப்பில் போலிஷ் பேசும் இருவர், வழக்கமாக இரண்டு வரியோடு நிறுத்திவிடுபவர்கள், இன்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினர். காலையில் மண்டபத்தில் நடந்ததைவிட இதையே நான் கொண்டாட்டம் என்று எண்ணுகிறேன்.

12 நவம்பர் 2024, செவ்வாய்

இன்றைய கணக்குப் பாடத்தை விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன்.

சிரியாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, சேர்ந்த நாள் முதல் கணக்கில் பின்தங்கியவளாகவே குறிக்கப்பட்டு வந்தாள். அவளுடைய பழைய ஏடுகளைப் பொறுமையாகப் புரட்டியபோது காரணம் தெளிவாயிற்று. அவள் முதலில் பழகிய எண்குறிகளில் ஐந்து என்பது ஏறக்குறைய ஒரு வட்டம். சுழியம் என்பது வெறும் புள்ளி. அவசரமாக எழுதும்போது பழைய குறிகள் கையோடு வந்துவிட, அவளுடைய ஐந்தை இங்குள்ள கண் சுழியமாகப் படித்திருக்கிறது. புள்ளியையோ எண்ணாகவே கொள்ளவில்லை. கணக்கின் வழிமுறையில் பிழை இருக்கவில்லை.

ஆகவே இன்று அவளையே பலகைக்கு அழைத்து, தன் எண்குறிகளை ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எழுதிக் காட்டச் சொன்னேன். மற்றவர்கள் அவற்றைப் படியெடுத்துக்கொண்டு, அவள் தந்த கூட்டல் கணக்குகளை அக்குறிகளிலேயே செய்தனர். அரபு வலமிருந்து இடமாக எழுதப்பட்டாலும் அதில் பெரிய இலக்கம் இடப்பக்கமே நிற்கும் என்பதைக் கண்ட சிறுவன் ஒருவன், அப்படியானால் வரிக்கு நடுவே எண் வரும்போது கை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டான். அவள் எழுந்து சென்று எழுதியே காட்டினாள். வகுப்பு முழுவதும் அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து எண்பதுக்குப் போனோம். பிரெஞ்சில் எண்பது என்பது நான்கு இருபதுகள். தொண்ணூறு அதனோடு ஒரு பத்து. கேலிக்கின் பழைய வழக்கிலும் எண்பது நான்கு இருபதுகளே. இன்றைய கேலிக் பள்ளிகளில் கணக்குப் பாடத்துக்குப் பத்தின் அடிப்படையிலான எண்வரிசையே பயன்படுகிறது. போலிஷில் ஐம்பது என்பது ஐந்து பத்துகள் என்று விரியும். அரபில் இருபத்தொன்றைச் சொல்லும்போது ஒன்று முன்னே வரும், இருபது பின்னே வரும். உருது பேசும் பிள்ளைகள், தங்களுக்கு நூறுவரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்ய நேரிடுகிறது என்று பெருமூச்சுவிட்டனர். நான் என் பங்குக்குத் தமிழின் தொண்ணூற்றைக் கொடுத்தேன்: எண்பதுவரை பத்தை ஒட்டி வந்த வரிசை, தொண்ணூறில் நூறின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதை மொழி வேடிக்கை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எண்பதை நான்கு இருபதுகளாகவும் எட்டுப் பத்துகளாகவும் மாற்றி மாற்றிப் பார்த்த பிள்ளைகளுக்குப் பெருக்கல் வேறுவிதமாக விளங்கத் தொடங்கியது. இடமதிப்பு என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு, அதை வேறு வகையிலும் செய்யலாம் என்பதை ஒன்பது வயதில் உணர்வது பெரிய கணித அறிவு. அதை இன்று எங்களுக்குக் கொடுத்தவை அவர்களுடைய வீட்டு மொழிகள்.

24 ஜனவரி 2025, வெள்ளி

நாளை கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள். 1759-இல் எயர்ஷயரின் அலோவே சிற்றூரில் பிறந்தவர். ஜனவரி வந்தால் ஸ்காட்லாந்தின் பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய இந்நாட்டு மொழியான ஸ்காட்ஸில் அமைந்த கவிதைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். நன்றாகச் சொல்பவருக்குப் பரிசும் உண்டு. இன்று உருது பேசும் சிறுமி ஒருத்தி ஒவ்வொரு சொல்லையும் சுவைத்துச் சொன்ன அழகு என் காதில் இன்னும் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்று தெரிவித்தனர். ஆயினும் ஜனவரியில் மேடையேற்றிப் பரிசு கொடுக்கும் அதே மொழியை, பிப்ரவரியில் ஒரு பிள்ளை வகுப்பில் பேசினால் ‘ஒழுங்காகப் பேசு’ என்று திருத்தும் பழக்கம் இந்நாட்டில் தலைமுறைகளாக இருந்துவந்திருக்கிறது. என் வகுப்பிலும் வீட்டுப் பேச்சைப் பற்றி வெட்கப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘அது மொழியில்லை மிஸ், கொச்சை’ என்று சொல்கிறார்கள். கிளாஸ்கோவில் குழந்தையை ‘வேன்’ என்பார்கள். கிழக்கிலும் வடகிழக்கிலும் அதுவே ‘பேர்ன்’. ஸ்காட்ஸுக்குள் வட்டார வழக்குகள் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே வரைபடத்தில் குறிக்கச் செய்தேன். வட்டார வழக்குகள் உடைய ஒன்றைக் கொச்சை என்று தள்ளுவது கடினம் என்பதை வரைபடமே அவர்களுக்குக் காட்டியது.

21 பிப்ரவரி 2025, வெள்ளி

உலகத் தாய்மொழி நாள். 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காக உயிர்விட்ட மாணவர்களை நினைத்து, யுனெஸ்கோ 1999-இல் அறிவித்த நாள். உயிரிழப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னேன், பிள்ளைகள் சிறியவர்கள். நெடுநேரம் யாரும் பேசவில்லை.

26 பிப்ரவரி 2025, புதன்

உலக கேலிக் வாரத்தை ஒட்டி, மாணவி ஒருத்தியின் பாட்டி வகுப்புக்கு வந்தார். ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவில் வளர்ந்தவர். மூன்றாம் மொழியாக நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுவரும் கேலிக் அவருக்குத் தாய்மொழி. தம் சிறுவயதில் விளையாட்டு மைதானத்தில் எல்லாரும் கேலிக் பேசினார்கள், கதவைத் தாண்டி வகுப்புக்குள் வந்ததும் ஆங்கிலம் மட்டுமே என்று அவர் சொன்னதைப் பிள்ளைகளால் நம்ப முடியவில்லை.

ஸ்காட்லாந்தில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேலிக்குக்கு இடமே இல்லை. கேலிக் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்ட பள்ளிகளும் இருந்ததாகப் பதிவுகள் உண்டு. 1918-இல் கேலிக் பேசும் பகுதிகளுக்கென ஒரு விதி சேர்ந்தது. கேலிக் வழிக் கல்விக்கான வகுப்புகளோ 1985-இல்தான் கிளாஸ்கோவிலும் இன்வர்னஸிலும் தொடங்கின. மொழிக்குப் பகை பள்ளிக்கூடமே என்ற நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்திருக்கிறது. ஆகவேதான், வீட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும்படி பெற்றோருக்கு யாராவது நல்லெண்ணத்தோடு அறிவுரை சொல்லக் கேட்டால், நான் உடனே மறுத்துப் பேசுகிறேன். தீவுகள் அந்த அறிவுரையின் விலையைக் கொடுத்து முடித்துவிட்டன.

29 ஏப்ரல் 2025, செவ்வாய்

பெற்றோர் சந்திப்பு. போலிஷ் பேசும் தாய் ஒருவர், மேல்நிலைப் பள்ளியில் தம் மகன் போலிஷ் தேர்வு எழுத முடியுமா என்று கேட்டார். முடியாது என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் தேசியத் தேர்வுகளில் உருது, மாண்டரின், காண்டனீஸ் இருக்கின்றன; போலிஷும் அரபும் தமிழும் இல்லை. இங்கிலாந்தில் போலிஷுக்கும் அரபுக்கும் தேர்வு உண்டு. தொடக்கப் பள்ளியில் நாங்கள் கைதட்டிப் பாராட்டும் மொழிக்குப் பதினாறு வயதில் ஒரு சான்றிதழ் கூடக் கிடைக்காது என்றால், அப்பிள்ளை எங்கள் பாராட்டை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? இந்தக் குறை எனக்கு வருத்தத்தைவிடக் கோபத்தையே தருகிறது.

18 ஜூன் 2025, புதன்

நேற்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஸ்காட்லாந்து மொழிகள் மசோதாவை நிறைவேற்றியது. கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அலுவல் மொழித் தகுதி தரும் மசோதா. பள்ளிகளில் அவற்றைக் கற்பிப்பதற்கான தரங்களை அரசு வகுக்கவும், கேலிக் வழிப் பள்ளி வேண்டும் என்று பெற்றோர் கோரவும் இதில் வழி இருக்கிறது. காலையில் வகுப்பில் இதைச் சொன்னதும், ‘கொச்சை’ என்று ஜனவரியில் சொன்ன அதே சிறுவன், அப்படியானால் இனித் தேர்விலும் ஸ்காட்ஸில் எழுதலாமா என்று கேட்டான். அதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது என்றேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

விடுமுறைக்கு முன் ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு ஒப்படைக்க வேண்டிய குறிப்புகளை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கமான படிவத்தில் ஆங்கிலத் திறனுக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது. அதன் கீழே ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சேர்த்தவை இவை: மனக்கணக்கு எந்த மொழியில் ஓடுகிறது, எந்த எழுத்துமுறையில் படிக்கத் தெரியும், வீட்டில் யாரோடு எந்த மொழி, புதிய கருத்தை முதலில் யாருடன் எம்மொழியில் பேசினால் எழுத்து வளர்கிறது. சிரியச் சிறுமிக்கான பக்கத்தில் அவளுடைய பத்து எண்குறிகளையும் வரிசையாக எழுதி இணைத்திருக்கிறேன்.