வினாடிக்கு எத்தனை கன அடி?

கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுக்கத் தொடங்கியதும் மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, நீர் திறப்பு ஆகிய நான்கு எண்களும் நாளிதழ்களில் அன்றாடம் இடம்பிடித்துவிடும். நாடு மெட்ரிக் அளவைக்கு மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீர்மட்டம் அடியிலும், வரத்தும் திறப்பும் வினாடிக்கு இத்தனை கன அடி என்றும், இருப்பு டிஎம்சியிலும் அச்சாகின்றன. இவை அனைத்தும் ஒரே பிரிட்டிஷ் அளவைக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி தெரியாவிட்டால் அந்தச் செய்தியிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

குழப்பத்தின் பெரும்பகுதி 'வினாடிக்கு' என்ற ஒரு சொல் விடுபடுவதால் வருகிறது. "அணையிலிருந்து 10,000 கன அடி தண்ணீர் திறப்பு" என்று தலைப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு கன அடி என்பது 28.317 லிட்டர், ஆகவே 10,000 கன அடி என்பது ஏறத்தாழ 2,83,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகள் இருபத்து நான்கில் அடங்கிவிடும் தண்ணீர். அதற்கு மேட்டூர் அணை தேவையில்லை. வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால் வெளியேறுவது 86.4 கோடி கன அடி. முன்னது கொள்ளளவு, பின்னது பாய்வு வீதம். இரண்டுக்கும் நடுவே நிற்பது காலம் மட்டுமே.

ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன், அதாவது நூறு கோடி கன அடி. நூறு கோடியை 86,400 ஆல் வகுத்தால் 11,574 வருகிறது. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி என்ற இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் காவிரிச் செய்திகளில் பாதி தெளிந்துவிடும். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குத் தமிழகத்துக்குத் தண்ணீர் விடும்படி கர்நாடகத்துக்கு முதலில் உத்தரவிட்டது. அதைக் கணக்கிட்டால் 12.96 டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதால், அது அணையின் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. வீதமாகச் சொன்னபோது மிகப் பெரிதாகத் தோன்றிய எண், கொள்ளளவாக மாற்றியதும் தன் உண்மையான அளவுக்கு வந்துவிடுகிறது.

அணையின் அன்றாட நிலவரத்தையும் இவ்வாறே சரிபார்க்கலாம். வரத்து வினாடிக்கு 16,000, திறப்பு 10,000 என்றால் மிச்சம் 6,000 கன அடி. அதே நிலை நீடித்தால் மறுநாள் இருப்பு அரை டிஎம்சிக்குச் சற்று அதிகமாகக் கூடியிருக்க வேண்டும். ஆவியாவதால் ஏற்படும் இழப்பு இதில் கொஞ்சம் குறைக்கும். பல அணைகளில் வரத்தை நேரடியாக அளப்பதே இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: நீர்மட்டம் எவ்வளவு மாறியது, எவ்வளவு திறந்துவிடப்பட்டது என்ற இரண்டையும் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டே வரத்தைச் சொல்கிறார்கள். ஆகவே அந்த எண்ணின் கடைசி இலக்கம் வரை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் வரும்போது டிஎம்சி பயன்படாது. அங்கே ஏக்கர் அடியும் ஏக்கர் அங்குலமும்தான் கைகொடுக்கும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதன்மேல் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 3,630 கன அடி வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி, அதாவது ஒரு கியூசெக், ஒரு மணி நேரத்தில் தருவது 3,600 கன அடி. வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை. எந்த வாய்பாடும் பாராமல், ஒரு கியூசெக் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். மெட்ரிக் முறையில் கணக்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தகைய தற்செயலான பொருத்தம் அதில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு நாள் முழுவதும் ஓடினால் 1.98 ஏக்கர் அடி, அதாவது ஏறக்குறைய இரண்டு. மதகிலிருந்து வரும் ஒரு கியூசெக் 120 நாட்களில் 60 ஏக்கருக்குப் பாய்வதாகக் கொண்டால், அந்தப் போகத்துக்கு வயலில் நின்ற மொத்த நீர் நான்கு அடி உயரம் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

சிக்கல் மிகுந்தது கேலன்தான். மோட்டார் பம்புகளின் தகட்டில் நிமிடத்துக்கு இத்தனை கேலன் என்று பொறித்திருந்தால், அது எந்த நாட்டுக் கேலன் என்று தகடு பெரும்பாலும் சொல்வதில்லை. பத்து பவுண்டு எடையுள்ள தண்ணீரின் கொள்ளளவு என்று பிரிட்டன் 1824 ஆம் ஆண்டில் வரையறுத்த இம்பீரியல் கேலன் இன்று 4.546 லிட்டர். அமெரிக்கா அந்த மாற்றத்தை ஏற்காமல், பழைய ஆங்கில ஒயின் கேலனான 231 கன அங்குலத்தையே வைத்துக்கொண்டது; அது 3.785 லிட்டர். ஆகவே ஒரு கியூசெக் என்பது நிமிடத்துக்கு 374 இம்பீரியல் கேலன், அல்லது 449 அமெரிக்க கேலன். இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கணிப்பான்களில் பல, எதையும் கேட்காமல் அமெரிக்க கேலனையே எடுத்துக்கொள்கின்றன.

இதன் விளைவு சிறியதன்று. ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் பாய்ச்ச, நிமிடத்துக்கு நூறு கேலன் இறைக்கும் பம்பு ஒன்றை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். தகட்டில் உள்ளது இம்பீரியல் கேலன் என்றால் ஏழரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அமெரிக்க கேலன் என்றால் ஒன்பது மணி நேரம் ஆகும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து மோட்டார் போடுகிறவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் அடுத்த நாளைக்குத் தள்ளிப்போகக்கூடும்.