அட்டையின் பின்பக்கம்

உறையைப் பிரித்ததும் அந்தப் பழைய விளம்பர அட்டையின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். நான்கு மூலையிலும் பழுப்பேறிய பசைத் தடம். நடுவில் பழைய ஆல்பத் தாளின் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விற்றவர் அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைத்திருந்தார். எனக்கு அதுதான் லாபம்.

முன்பக்கம், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் பெரிய கட்டடம், வெள்ளை வெளேரென்று. கீழே தையல் நூல் விளம்பரம். (கட்டடத்துக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.) கடைகளில் சும்மா கொடுத்த அட்டை.

பளிங்கு போலத் தெரிந்தாலும் கட்டடத்தின் வெளியே பூசியது சாந்தும் நாரும்தான். அடுத்த வருஷமே, 1894 ஜூலையில், தீயில் போய்விட்டது.

அட்டை மட்டும் பிழைத்திருக்கிறது.

ஏதோ ஒரு குழந்தைதான் ஒட்டியிருக்க வேண்டும். பசையைக் கொஞ்சம் தாராளமாகவே தடவியிருக்கிறது. இடது மூலையில் ஒரு சின்ன விரல் ரேகை.