வேலை மாறும் முன் போட வேண்டிய கணக்கு

பழகிய வேலையை விடலாமா என்ற குழப்பத்தில் பலர் ஒப்பிடுவது இரண்டு சிடிசி (ஒரு ஊழியருக்காக கம்பெனி வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) எண்களைத்தான். அது ஏமாற்றும். கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை), வந்தால் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மாதாமாதம் வங்கியில் விழும் தொகை எவ்வளவு என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது தேதி. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி கிடைக்க 5 ஆண்டு சர்வீஸ் வேண்டும். கடைசி மாத அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி, 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 40,000 என்றால் 5 ஆண்டுக்கு சுமார் 1,15,385 ரூபாய். நாலரை வருடத்தில் ராஜினாமா கடிதம் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது! நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும், எண்ணிப் பாருங்கள்.

பிஎஃப்பை எடுக்காதீர்கள், மாற்றுங்கள். 5 ஆண்டுக்குள் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. மாற்றினால் பழைய சர்வீஸும் சேர்ந்துகொள்ளும்.

வருட நடுவில் மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புது இடத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் நிலைக்கழிவு (வரி போடும் முன் சம்பளத்தில் கழிக்கும் நிலையான தொகை) கழிக்கப்பட்டு, வரி குறைவாகப் பிடிக்கப்படும். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட நேரும்.

கம்பெனி மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், புது பாலிசியில் அவர்கள் உண்டா என்று கேட்டுவிட்டே ராஜினாமா.