ஓதச் சுவரும் சுண்ணாம்பும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தாழியில் ஊறப்போடுவார். கொதித்து அடங்கியதும் வடிகட்டி, துளி நீலம் கலந்து அடிப்போம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியம் ஆயிரம் வருஷம் நின்றதும் சுண்ணாம்புச் சாந்தில்தான். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து அது வெளிப்பட்டது 1931ல்!

ஆத்தோரம் என்பதால் எங்கள் சுவரில் எப்போதும் ஓதம், அதாவது ஈரக் கசிவு. பிளாஸ்டிக் படலம்போல் சுவரை மூடும் எமல்ஷன் பெயிண்ட் அடித்தோம், ஐப்பசி மழையில் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லை.

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாதென்று 2017ல் சட்டம் அமலானது. பழைய பெயிண்டைச் சுரண்டி ஈயத் தூசியைச் சுவாசிக்கும் அண்ணன்மாரை நினைத்தால் அது பெரிய காரியம். மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும் வந்துவிட்டது. அடுத்து, டெல்டாவின் ஓதச் சுவர் மூச்சுவிடும்படி ஒரு பூச்சு, குடிசைக்காரருக்கும் கட்டுப்படியாகும் விலையில் வரணும்.