அம்மாவின் காதும் பால் கணக்கும்

அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் நான் சொன்னதையெல்லாம் மறந்துகொண்டே இருந்தார். மறதிநோய் என்று நானாகவே முடிவுகட்டி இரவெல்லாம் அழுதேன். பரிசோதித்தபோதுதான் தெரிந்தது, பாதி வார்த்தைகள் அவர் காதில் விழவே இல்லை. கேட்காததை எப்படி நினைவில் வைப்பது?

மறதிநோய் வரும் அபாயத்தைக் கூட்டுபவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் செவித்திறன் இழப்பும் ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், தனிமை, பார்வைக் குறைவும் அதில் உண்டு. வயதானால் சிந்தனையின் வேகம் குறையும்; சொல்வளம் அவ்வளவு எளிதில் குறையாது. ஆனால் காது கேட்காதவர் மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுகிறார். அம்மா அப்படித்தான் கூடத்தின் மூலைக்குப் போனார். அதை நான் கவனிக்கவே இல்லை.

காதுக் கருவி மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. முதல் வாரம் மிக்சி சத்தம் தாங்காமல் கழற்றி வைத்தார். நேற்று பால்காரரிடம், “தம்பி, பத்தாம் தேதி பால் வரவில்லை, அரை லிட்டரைக் கழித்துவிடுங்கள்” என்றார், நோட்டைப் பார்க்காமலே.